ஜெர்மன் பூர்வீகம் தேடித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவர்களிடம் உஷார்

என் கணவர் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக்காரர். அவருடைய முன்னோர் ஒருவர் 1868-இல், அப்போது பிரஷ்யா என்ற ஜெர்மன் அரசின் மாகாணமாக இருந்த பொமரேனியாவிலிருந்து வந்தவர் என்பதற்கு மேல் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. மாமியாரின் பிறந்தநாளுக்குக் குடும்ப வரலாறு கொடுக்கலாம் என்று, வம்சாவளி ஆய்வாளர் என விளம்பரம் செய்த ஒருவரிடம் 600 டாலர் கட்டினோம். முழுப் பணமும் முன்கூட்டியே வேண்டும் என்றார்.

வந்தவை: ஜெர்மனியின் ப்ரேமன் துறைமுகத்தில் 1868-இல் கப்பலேறிய பயணிகள் பட்டியலின் நகல், 1843-இல் கொடுத்ததாக ஓர் அரசாங்கப் பிறப்புச் சான்றிதழ், சிங்கமும் கிரீடமுமாகச் சட்டம் போட்ட குடும்பச் சின்னம். சட்டத்தின் பின்னால் கடை விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை.

மூன்றுமே டூப். ப்ரேமனின் பழைய பட்டியல்களை, வைக்க இடமில்லை என்று அந்த ஊர் நிர்வாகமே அழித்துவிட்டது. மிச்சத்திலும் பெரும்பகுதி இரண்டாம் உலகப் போரில் போயிற்று. 1850 முதல் பட்டியல் இருப்பது இன்னொரு ஜெர்மன் துறைமுகமான ஹாம்பர்க்குக்கு. சான்றிதழ் இன்னும் வேடிக்கை. பொமரேனியாவில் அரசாங்கப் பிறப்புப் பதிவு தொடங்கியதே 1874 அக்டோபரில்தான், அதற்கு முன் எல்லாம் தேவாலயப் பதிவேடுதான். பழைய ஜெர்மன் கையெழுத்து என்று காட்டியிருந்ததும் கணினி ஃபான்ட். ஒவ்வொரு 'எஸ்' எழுத்தும் இம்மி பிசகாமல் ஒன்றே. சின்னமோ, குலப்பெயரைச் சொன்னால் யாருக்கும் அச்சடித்துத் தரும் சரக்கு.

எந்தக் காப்பகம், எந்தப் பக்கம் என்று கேட்டேன். "தனியார் சேகரிப்பு" என்றார். அப்புறம் பதிலே இல்லை.

உண்மையான துப்பு கணவரின் ஊர் லூதரன் தேவாலயத்தில் கிடைத்தது. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கு 'பிரஷ்யா' என்பதோடு நிறுத்திக்கொண்டிருந்தது. தேவாலயத்தின் அடக்கப் பதிவேட்டிலோ பிறந்த கிராமமே இருந்தது, கிரைஃபன்பெர்க் மாவட்டம் என்ற குறிப்போடு. இன்று அந்தப் பகுதி போலந்தில் இருக்கிறது. பதிவேட்டை எடுத்துக் காட்டிய அலுவலக அம்மா ஒரு பைசா வாங்கவில்லை. கிராமம் தெரிந்துவிட்டால் 1912-இல் அச்சான மையர்ஸ் ஊர்ப்பெயர் அகராதியில் அதைத் தேடலாம், இணையத்தில் இலவசம். பழைய குடும்பப் பதிவுகளைத் தேட உதவும் ஃபேமிலிசர்ச் இணையதளத்திலும் காசு கேட்பதில்லை. ஆனால் அந்தப் பக்கத்துத் தேவாலயப் பதிவேடுகள் பல போரில் தொலைந்தவை. அதை முதலிலேயே சொல்லாமல் "நிச்சயம் கண்டுபிடித்துத் தருவேன்" என்கிற ஆளிடம் பணம் கட்டாதீர்கள்.

கார்டு கம்பெனியில் புகார் கொடுத்திருக்கிறோம். பணம் இன்னும் வரவில்லை.