நீங்கள் என்பது நீ ஆகும் இடம்: கொரியத் தொடர்களோடு பதினோரு ஆண்டுகள்

"ஏட்டி, இப்போதுதான் அவன் அவளை 'நீ' என்கிறான். கவனித்தாயா?" என்று ஆச்சி கேட்டாள்.

2014-ஆம் ஆண்டு, கோவில்பட்டியில் எங்கள் வீட்டு முன்னறை. புதுயுகம் தொலைக்காட்சியில் கொரியத் தொடர்கள் தமிழ் டப்பிங்கில் வந்துகொண்டிருந்தன. எனக்குப் பன்னிரண்டு வயது. ஆச்சி முறத்தில் உளுந்தைப் புடைத்தபடி பார்ப்பாள். பெயர்கள் வாயில் நுழையாது என்பதால் நாயகனை நெட்டையன் என்றும் நாயகியின் அம்மாவைச் சுருட்டைமுடிக்காரி என்றும் சொல்வாள். நான் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதுவரை நெட்டையன் அந்தப் பெண்ணிடம் மரியாதையாகத்தான் பேசிவந்தான். அன்று மழையில் குடையை நீட்டும்போது "நனைகிறாயே" என்றான். கையைக்கூடத் தொடவில்லை. ஆச்சிக்கு அந்த விகுதி மாற்றமே போதும். முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து பதினோரு ஆண்டுகளாகக் கொரியத் தொடர்கள் பார்க்கிறேன். முதலில் தொலைக்காட்சி, பிறகு அம்மாவின் கைபேசி, பிறகு என்னுடைய கைபேசி, இப்போது மடிக்கணினி. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது எங்கள் தெருவில் டேட்டா தண்ணீராக ஓடியது. நான் இரவு முழுக்கப் பார்த்தது அந்த ஆண்டில்தான். 2019-இல் நெட்ஃப்ளிக்ஸ் கைபேசிக்கு மட்டுமான 199 ரூபாய்த் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2021 டிசம்பரில் அது 149 ஆனது. ரசிகர்களே தன்னார்வலர்களாகச் சப்டைட்டில் எழுதும் விக்கி தளத்தையும் நெடுநாள் பயன்படுத்தினேன். அப்போது ஒரு தொடர் பெரும்பாலும் பதினாறு பகுதிகள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். தொடங்கிய கதை முடிந்துவிடும் என்ற நிச்சயம் இருந்தது. பள்ளியில் படிக்கிறவளுக்கு அது பெரிய வசதி.

டப்பிங்கில் பார்ப்பதா, சப்டைட்டிலோடு பார்ப்பதா என்று தோழிகள் கேட்கிறார்கள். சப்டைட்டில்தான் உயர்வு, டப்பிங் பார்ப்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் என்று ஓர் எண்ணம் கல்லூரி விடுதியில் இருந்தது. நானும் இரண்டு ஆண்டுகள் அப்படி நினைத்தேன், ஆச்சியோடு டப்பிங் பார்த்ததை வெளியில் சொல்லாமல் இருந்தேன். இன்று அதற்காக வருந்துகிறேன். தமிழ்க் காதுக்குக் கொரிய மொழியை ஆங்கிலம் வழியாகக் கொண்டுபோவது பக்கத்து வீட்டுக்குப் போக ஊரைச் சுற்றுவது போன்றது.

காரணம் சொல்கிறேன். கொரிய வாக்கியம் நம்முடையதைப் போலவே வினையில் முடிகிறது. எதிர்மறையும் பல நேரம் கடைசியில்தான் வரும். "எனக்கு உன்னைப் பிடிக்க..." என்று நடிகர் இழுத்து நிறுத்தினால், அது 'கிறது' என்று முடியுமா 'வில்லை' என்று முடியுமா என்பது அவர் வாயைத் திறக்கும்வரை யாருக்கும் தெரியாது. எதிரே நிற்கும் பெண்ணின் கண்கள் அந்த விகுதிக்காகத்தான் காத்திருக்கின்றன. ஆங்கில சப்டைட்டிலிலோ மறுப்பு இரண்டாவது சொல்லிலேயே வந்து திரையின் அடியில் நின்றுவிடுகிறது. அவர் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறார், எனக்கு முடிவு தெரிந்துவிட்டது. அந்த இரண்டு நொடியைத் தமிழ் டப்பிங் எனக்குத் திருப்பித் தருகிறது. சுமாரான டப்பிங்கும் தருகிறது.

மரியாதை இதைவிடப் பெரிய விஷயம். கொரிய மொழியில் மரியாதைப் பேச்சுக்கு ஜோன்தேமல் என்றும் உரிமைப் பேச்சுக்குப் பன்மல் என்றும் பெயர். 'யோ' என்ற ஓர் அசை வினையின் வாலில் இருக்கிறதா இல்லையா என்பதில் ஓர் உறவே தொங்கிக்கொண்டிருக்கும். "இனி நாம் பன்மலில் பேசலாமா?" என்று ஒருவர் கேட்பது அங்கே பெரிய கட்டம். ஆங்கிலத்தில் இரண்டு பக்கமும் ஒரே சொல்தான் என்பதால் அந்தக் கேள்வியே மொட்டையாகிவிடுகிறது. நமக்கு விளக்கம் எதுவும் வேண்டாம். முறைப்பையனை எந்த வயதில் 'நீ' என்பதை நிறுத்தினோம், புது மருமகள் மாமியாரிடம் எத்தனை மாதம் கழித்து 'நீங்கள்' என்பதைத் தளர்த்தினாள் என்று கணக்கு வைத்திருக்கும் வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம்.

தமிழ் டப்பிங் தடுமாறும் இடமும் உண்டு. ஒப்பா என்ற சொல்லைப் பெண் தன் அண்ணனுக்கும் சொல்வாள், தன்னைவிட மூத்த காதலனுக்கும் சொல்வாள். நான் பார்த்த ஒரு தொடரில் காதலனை நாயகி கடைசிவரை "அண்ணா" என்றே அழைத்தாள். ஆச்சி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் கோபம் நியாயமானது. தமிழில் அண்ணன் என்ற சொல் ஒரு கதவைச் சாத்திவிடும், அத்தான் என்ற சொல் திறந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் கொரியப் பெண் நிற்கிற அந்த வாசற்படிக்கு நம்மிடம் சொல் இல்லை. பெயரைச் சொல்லவிட்டு வினையில் மட்டும் "வாங்க, போங்க" என்று மரியாதை காட்டும் டப்பிங்தான் எனக்குச் சரியாகப் படுகிறது. அப்படி எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பெயர் திரையில் வராதது எனக்குக் குறையாகவே இருக்கிறது.

கடனாளிகள் உயிரைப் பணயம் வைத்துச் சிறுவர் விளையாட்டுகளை ஆடும் தொடர் ஸ்க்விட் கேம். 2021-இல் வந்த அதை எல்லோரும் ரத்தத்துக்காகப் பேசினார்கள். நான் அலிக்காகப் பேசுகிறேன். பாகிஸ்தானிலிருந்து வேலைக்கு வந்த தொழிலாளி அவன். அந்த வேடத்தில் நடித்தவர் இந்தியரான அனுபம் திரிபாதி. சொந்த ஊரை விட்டு வந்தவன் எல்லோரையும் அழைப்பதுபோல அலியும் தன்னோடு ஆடும், படித்தவனான சாங்-வூவை "சஜாங்னிம்" என்கிறான், நம் வாயில் சொன்னால் "முதலாளி". ஒரு கட்டத்தில் சாங்-வூ, அப்படிக் கூப்பிடாதே, 'ஹ்யொங்' என்று கூப்பிடு என்கிறான். ஆண்பிள்ளை தன் அண்ணனை அழைக்கும் சொல் அது. முதலாளி என்றவன் அண்ணன் என்கிறான். ஆறாவது பகுதியின் கோலிக்குண்டு ஆட்டத்தில் அந்த அண்ணன் அவனை ஏமாற்றிச் சாகவைத்துவிடுகிறான். ஏமாற்றப்பட்டது தெரிந்து அலி கூப்பிடுவதும் அதே சொல்லைத்தான். இந்தச் சொல் மாற்றத்தைத் தவறவிட்டுப் பார்த்தவர் ஒரு கொலையைப் பார்த்திருப்பார். கேட்டுப் பார்த்தவர் அண்ணன் தம்பியைக் கொன்றதைப் பார்த்திருப்பார். அப்பா வேலை பார்க்கும் தீப்பெட்டி ஆலைக்கு வடக்கிலிருந்து வந்த பையன்கள் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளும் தமிழ்ச் சொல் "அண்ணா". அலிக்குப் பிறகு அந்தச் சொல்லை அவர்கள் சொல்லும்போது என்னால் சும்மா கடந்துபோக முடிவதில்லை.

அலியைப் பார்த்து நான் அழுததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஏழு ஆண்டுகள் பார்த்த பிறகு, என் நிறத்துக்குப் பக்கத்தில் வந்த முதல் முகம் அது.

இதை மறைக்காமல் எழுத வேண்டும். பதினைந்திலிருந்து பதினேழு வயதுவரை அந்தத் தொடர்களின் வெள்ளைத் தோல் என்னைப் படுத்தியது. பால் போன்ற முகங்கள், அந்த முகங்களிலேயே நிற்கும் கேமரா, நடுவில் கதைக்குள்ளேயே நுழைந்துவிடும் களிம்பு விளம்பரம். பள்ளிக்குப் போகும் முன் கண்ணாடி முன்னால் நான் நின்ற நேரம் அம்மாவுக்குத் தெரியும். முகத்தில் ஒட்டும் தாள் ஒன்றை வாங்கிவர மதுரைக்குப் போகும் சித்தியிடம் உண்டியல் காசைக் கொடுத்தேன். ஒட்டிக்கொண்டு படுத்திருந்த என்னை ஆச்சி பார்த்தாள். திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தன் கையை என் கையோடு சேர்த்து வைத்து, இரண்டும் ஒரே நிறம் என்று காட்டினாள். ஆச்சியின் கை எனக்கு உலகத்திலேயே பிடித்த கை. அதன் பிறகு தாள் வாங்கவில்லை. ஆனால் இந்தத் தொடர்களை வளரும் பிள்ளைகளுக்குப் பரிந்துரைக்கும்போது நான் முதலில் சொல்லும் எச்சரிக்கை இதுதான். நம்முடைய திரையும் இதே வேலையை நெடுங்காலமாகச் செய்கிறது என்பது வேறு விஷயம். அதைக் காட்டி இதை மன்னிக்க முடியாது.

2020 ஊரடங்கில் எழுத்தைக் கற்றுக்கொண்டேன். மன்னர் செஜோங் 1443-இல் உருவாக்கி 1446-இல் மக்களுக்கு அறிவித்த எழுத்து ஹங்குல். தென்கொரியாவில் ஆண்டுதோறும் அக்டோபர் 9 அதற்கு விடுமுறை நாள். இப்போது புழக்கத்தில் இருப்பவை மெய் 14, உயிர் 10. நாம் உயிர், மெய் என்கிறோம்; அவர்கள் உயிரெழுத்தைத் தாய் ஒலி என்றும் மெய்யெழுத்தைப் பிள்ளை ஒலி என்றும் அழைக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்துப்போனது இன்னொன்று. இறைச்சியைக் குறிக்கும் 'கோகி' என்ற சொல்லில் ஒரே எழுத்து இரண்டு முறை வருகிறது. சொல்லின் முதலில் வல்லோசை, உயிர்களுக்கு நடுவில் மெல்லோசை. ஆங்கிலத்தில் விளக்கும் காணொளிகள் இதற்குப் பத்து நிமிடம் எடுத்துக்கொள்கின்றன. கல்லில் வரும் க-வும் தங்கத்தில் வரும் க-வும் ஒரே எழுத்து, ஒலி வேறு என்று ஒன்றாம் வகுப்பிலிருந்தே வாயில் வைத்திருக்கும் எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நமக்கு நான்கு 'க' இல்லை என்று கேலி செய்த வகுப்புத் தோழியை அன்று நினைத்துக்கொண்டேன்.

இங்கே வந்ததும் பலர் ஆரம்பிக்கும் பேச்சு ஒன்று உண்டு: அம்மா, அப்பா இரண்டு மொழியிலும் இருக்கிறதே, கொரியர்களும் நாமும் ஒரே குடும்பம்தானே என்று. ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-லேயே கொரிய இலக்கணத்தையும் திராவிட மொழிகளின் இலக்கணத்தையும் ஒப்பிட்டு நூல் எழுதினார். இன்றைய மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்பதில்லை. அம்மா, அப்பா போன்ற சொற்கள் குழந்தையின் உதட்டில் முதலில் வருபவை, உலகம் முழுக்க அப்படித்தான். எனக்கு அந்த உறவுக் கதை தேவைப்படவில்லை. தொடர்பே இல்லாத இரண்டு மக்கள் தனித்தனியாக 'நீ', 'நீங்கள்' என்று இவ்வளவு பாடுபட்டுப் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு அதிசயம்.

"தமிழில் பார்க்க ஒன்றுமே இல்லையா? நீ எந்த ஊர்க்காரி?" என்று சித்தப்பா ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்பார். நான் கோவில்பட்டிக்காரி. சென்னை விடுதிக்குப் போன முதல் ஆண்டு, எங்கள் ஊர்ப் பேச்சை மறைத்து யாருக்கும் உரியதல்லாத ஒரு பேச்சைப் பேசிக்கொண்டிருந்தேன். தலைநகர் சியோலில், தெற்கே உள்ள பூசான் ஊர்ப் பேச்சை மறைக்கப் பாடுபடும் பெண்களைத் தொடர்களில் பார்த்துப் பார்த்துத்தான், நான் செய்வது என்னவென்று எனக்கே தெரிந்தது. இரண்டாம் ஆண்டு "ஏட்டி" என்று சத்தமாகக் கூப்பிட ஆரம்பித்தேன். இப்போது விடுதியில் தஞ்சாவூர்க்காரியும் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

இந்தப் பொங்கலுக்கு ரிப்ளை 1988 தொடரின் முதல் பகுதியை ஆச்சிக்குப் போட்டுக் காட்டினேன். சியோலில் சங்முன்-டோங் பகுதியில் ஒரு சந்து, ஐந்து குடும்பங்கள், ஒலிம்பிக் நடந்த ஆண்டு. நான் பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். இரவுச் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொரு வீட்டு அம்மாவும் பிள்ளையிடம் ஒரு கிண்ணத்தைக் கொடுத்து அடுத்த வீட்டுக்கு அனுப்புகிறாள். பிள்ளைகள் சந்தில் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிறார்கள். ஆச்சி முன்னால் குனிந்தாள். "வெறுங்கிண்ணமாக ஒருத்தி திருப்பிக் கொடுக்கவில்லை பார்," என்றாள்.

பிறகு அந்தப் பிறந்தநாள் வந்தது. நடுப்பிள்ளை தோக்-சனுக்குத் தனியாகக் கேக் வாங்குவதில்லை, சில நாள் முன்பு வரும் அக்காவின் பிறந்தநாளோடு சேர்த்துவிடுவார்கள். அவள் வெடித்து அழுகிறாள். அன்றிரவு அப்பா கேக்கோடு சந்தில் அவள் பக்கத்தில் உட்காருகிறார். அப்பாவும் பிறக்கும்போதே அப்பா இல்லை, அப்பாவுக்கும் இது முதல் தடவை என்று மன்னிப்புக் கேட்கிறார். தன்னை 'நான்' என்று சொல்லாமல் 'அப்பா' என்றே சொல்லிக்கொள்கிறார். எங்கள் அப்பாவும் அப்படித்தான், "அப்பா சொல்கிறேன், கேள்" என்பார். தமிழில் சொல்லிக்கொண்டிருந்த என் குரல் அங்கே நின்றுவிட்டது.

"இவள் அப்பாவிடம் எப்படிப் பேசுகிறாள், நீ என்றா நீங்கள் என்றா?" என்று ஆச்சி கேட்டாள்.

"நீ என்ற சொல்லே வராது ஆச்சி, அப்பா அப்பா என்றுதான் சொல்வாள். ஆனால் வினை எல்லாம் நீ என்பதற்கு உரியது."

எங்கள் வீட்டில் அம்மாவுக்கு 'நீ', ஆச்சிக்கு 'நீ', அப்பாவுக்கு மட்டும் 'நீங்கள்'. ஆலையிலிருந்து வந்த அப்பா கைகால் கழுவிவிட்டுத் துண்டோடு வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"அந்தப் பிள்ளை என்ன, அப்பா என்றா கூப்பிடுகிறது?" என்றார்.

"ஆமாம் அப்பா. உட்காருங்கள், முதலிலிருந்து போடுகிறேன்."

ஆச்சி பாயில் நகர்ந்து இடம் கொடுத்தாள்.