மொட்டு 17 இடத்தில் வருகிறது: ஒரு கவிதைத் தொகுப்பு பற்றி

சென்னைப் புத்தகக் காட்சியில் வாங்கியது. விலை 150, கழிவு போக 135 ரூபாய். 96 பக்கம், நல்ல தாள், கெட்டி அட்டை. பெண்பிள்ளைகள் வயசுக்கு வருவதைப் பற்றி ஓர் ஆண் கவிஞர் எழுதியது. பேரைச் சொல்லப்போவதில்லை. பள்ளி நூலகத்துக்கு ஆகுமா என்று பார்க்கத்தான் வாங்கினேன். ஊர் திரும்பும் ரயிலில் விழுப்புரம் வருவதற்குள் முடித்துவிட்டேன். ‘மொட்டு’ மட்டும் 17 இடத்தில் வருகிறது.

எனக்கு நடந்தபோது ஏழாம் வகுப்பு. மாமா தென்னங்கீற்றில் குச்சு கட்டினார். காலையில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும், மத்தியானம் உளுந்தங்களி. துவைத்த சேலைத் துணியை யார் கண்ணிலும் படாமல் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் காயப்போட வேண்டும். மழைக்காலம், காயவே காயாது. ஈரத்தோடு கட்டிக்கொண்டு புண்ணாகி, நடக்க முடியாமல் கிடந்தேன். இந்தப் புத்தகத்தில் வயிற்றுவலிகூட ஒரு வரியில் இல்லை. பையன் ஒருவன் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறான், அவ்வளவுதான்.

ஆண் எழுதவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். நம்மாழ்வார் பராங்குச நாயகி என்ற பெண்ணாகிப் பாடியதை விரும்பிப் படிப்பவள் நான். ஆனால் உலா இலக்கியம் என்று ஒன்று இருக்கிறதே! வீதியில் வரும் தலைவனைக் கண்டு மயங்கும் பெண்களைப் பேதை, பெதும்பை என்று ஏழு பருவமாகப் பிரித்து வரிசையாக வருணிப்பார்கள். பெதும்பைக்குப் பொதுவாகச் சொல்லும் வயது 8 முதல் 11. கல்லூரியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தேன். இப்போது அந்த வயதுப் பிள்ளைகளுக்கும் பாடம் எடுக்கிறேன், பென்சில் சீவத் தெரியாமல் என்னிடம் நீட்டுவார்கள். இந்தக் கவிஞரின் மொட்டும் அந்த வழியில் வந்ததுதான். ஆனால் 2002இல் பெண் கவிஞர் குட்டி ரேவதி தன் தொகுப்புக்கு ‘முலைகள்’ என்று பேர் வைத்ததற்கு எத்தனை வசவு விழுந்தது!

சரி, ஒரு கவிதை தேறும். அக்காவுக்கு நாப்கின் வாங்கப்போன தம்பி. கடைக்காரர் செய்தித்தாளில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டுத் தருகிறார். தான் என்ன தப்பு செய்தோம் என்று யோசித்துக்கொண்டே அவன் வீட்டுக்கு ஓடுகிறான். அது கவிஞரே தன் கையால் வாங்கிய கவராக இருக்கும்.

புத்தகத்தை நூலகத்தில் வைக்கவில்லை. அந்த ஒன்றை மட்டும் ஒன்பதாம் வகுப்பில் வாசித்தேன். பின்பெஞ்சில் மளிகைக்கடைப் பையன் எழுந்து, “எங்க கடையிலயும் அப்படித்தான் டீச்சர், நான்தான் சுத்துவேன்” என்றான்.