கொழும்பு மியூசியம்: கோணேசர் ஊர் ஆக்கள் முதல்ல வெண்கலச் சிலைகளைப் பாருங்கோ

திருகோணமலையில இருந்து கொழும்புக்குப் போற ஆக்கள்ல முக்கால்வாசிப் பேர் பாஸ்போர்ட், விசா, கிளினிக் எண்டு ஏதாவது அலுவலாத்தான் போறது. அலுவல் மத்தியானத்தோட முடிஞ்சா இரவு ரெயினுக்கு நேரம் போகாம ஒண்டில் பெற்றாவில சுத்துறது, இல்லாட்டி காலிமுகத்திடல்ல வெயிலுக்க காயுறது. அந்த நேரத்துக்கு நான் சொல்றது கொழும்பு 7ல இருக்கிற தேசிய நூதனசாலை, விகாரமகாதேவி பூங்காவுக்குக் கிட்ட. ஸ்கூல் டூர்ல ஒருக்கா பாத்தனாங்கள்தானே எண்டு சொல்லாதீங்கோ, சேர் பின்னால நிண்டு கத்தக் கத்த லைன்ல ஓடினதெல்லாம் பாத்த கணக்கில்ல.

கட்டடமே நல்ல வடிவு. 1877 ஜனவரி 1ம் திகதி திறந்தது, அப்ப ஆளுநரா இருந்த வில்லியம் கிரகரி தொடங்கி வைச்ச வேலை, அவர்ட சிலை இப்பவும் முன் புல்வெளியில நிக்குது. பிளான் கீறினவர் ஸ்மிதர், கட்டி முடிச்சவர் வாப்பிச்சி மரிக்கார் எண்ட கொந்தராத்துக்காரர். வெள்ளை வெளேரெண்டு நீட்டுக்கு விறாந்தை, முன்னுக்குப் பெரிய ஆலமரம். உள்ளுக்குக் கால் வைச்ச உடன எதிர்ல தொலுவில புத்தர், அநுராதபுரத்தில எடுத்தது, ஒரே கல்லுல செதுக்கினது. ஆக்கள் செல்ஃபி எடுத்துப்போட்டு விலகிப் போறாங்கள், நீங்க கொஞ்சம் பொறுத்து முகத்தைப் பாருங்கோ, சிரிக்கிறாரா இல்லையா எண்டு சொல்லேலாது.

சரி, விசயத்துக்கு வாறன். நான் திரும்பத் திரும்பப் போறதே பொலன்னறுவைச் சிலைகளுக்காகத்தான். சோழர் பொலன்னறுவையை ஜனநாதமங்கலம் எண்டு பேர் வைச்சு ஆண்ட காலத்தில கட்டத் தொடங்கின சிவன் கோயில்கள் அங்க கனக்க, அந்த இடங்களை 1907, 1908 காலத்தில பெல் எண்ட வெள்ளைக்காரத் தொல்லியல் அதிகாரி தோண்டேக்க மண்ணுக்க இருந்து வந்ததுகள்தான் இதுல முக்கியமானது, 1960லயும் இன்னும் கொஞ்சம் எடுத்தவங்க. நடராசர், அம்மன், நாயன்மார் எண்டு எல்லாம் மெழுகுல செய்து, மேல மண் பூசி, மெழுகை உருக்கி எடுத்துப்போட்டு உலோகத்தை வாத்த சிலைகள். அச்சை உடைச்சாத்தான் சிலை வெளியில வரும், அதால ஒண்டைப் போல இன்னொண்டு இருக்காது.

எங்கட ஆக்களுக்கு இதுல என்ன விசேசம் எண்டா, நாங்க வெண்கலச் சிலை காணாத ஆக்களில்ல. 1950ல நகரசபை கிணறு வெட்டேக்க வந்த சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி, பிள்ளையார் எல்லாம் கோணேசர் கோயில்ல இருக்குதானே, பறங்கி கோயிலை இடிச்ச காலத்தில தாட்டு வைச்சது எண்டுதான் சொல்றது. ஆனா நாங்க அதுகளைப் பாக்கிறது பட்டு, மாலை, சாத்துப்படி எல்லாத்துக்கும் நடுவில ஒரு முகம் மட்டும்தான், அதுவும் தீபம் காட்டேக்க முன்னால நிக்கிறவர்ட தலைக்கு மேலால. மியூசியத்தில அந்த உடுப்பு ஒண்டுமில்ல. இடுப்பு வளைவு, கழுத்துக் கோடு, முதுகில பூணூல் இறங்கிற விதம், ஒட்டியாணத்தில இருக்கிற குட்டி வேலைப்பாடு எல்லாம் தெரியுது. கோயில்ல சுவாமிட முதுகை ஐயரைத் தவிர ஆர் பாத்தது?

பீடத்தையும் விடாதீங்கோ. வீதியுலாவுக்கெண்டு வாத்த சிலைகள்ல பீடத்துப் பக்கத்தில ஓட்டையோ வளையமோ இருக்கும், தண்டு செருகித் தூக்கத்தான் அது. சிவராத்திரிக்குப் பிறகு எங்கட டவுனுக்க கோணேசர் நகர்வலம் வரேக்க வீட்டு வாசல்ல கும்பம் வைச்சுக்கொண்டு நிக்கிற ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்ல, வெளிநாட்டுக்காரன் சிற்பமா பாக்கிறதை நாங்க தோள்ல தூக்கிற சாமியா பாக்கிறம்.

என்னோட வந்த மாமி நடராசருக்கு முன்னால செருப்பைக் கழட்டிப்போட்டா. காவல்காரர் பாத்தும் ஒண்டும் சொல்லேல்ல. பிறகு சம்பந்தர் சிலைக்கு முன்னால போய், கோணேசருக்கு அவர் பாடின பதிகத்தை மெல்லமா தொடங்கீட்டா, பக்கத்தில நிண்ட சிங்களப் பிள்ளையள் ரெண்டு பேர் போன்ல நோண்டுறதை விட்டுட்டுக் கேட்டுக்கொண்டு நிண்டவை. சுந்தரர் சிலை உலகம் முழுக்கப் பேர் போனது, கல்யாணக் கோலத்தில சிவன் மறிச்ச கதை தெரிஞ்சிருந்தா அந்த முகத்தில இருக்கிற திகைப்பு இன்னும் பிடிபடும். எனக்கு எல்லாத்தையும் விட காரைக்கால் அம்மையார்தான். எலும்பும் தோலுமா, கையில தாளத்தோட இருக்கிறா, வடிவு வேண்டாம் பேய் உருவம் தா எண்டு கேட்டவவை அப்படியே வாத்திருக்கிறான் ஒருத்தன்.

மும்மொழிக் கல்லையும் தேடிப் பிடியுங்கோ. சீனத் தளபதி செங் ஹே 1409ம் ஆண்டுத் திகதியோட வெட்டுவிச்சது, காலியில 1911ல ஒரு கானுக்கு மூடியாக் கிடந்ததைக் கண்டெடுத்தவங்க. சீனத்தில புத்தருக்கு, தமிழ்ல தேவேந்திரமுனைக் கோயில் சாமியான நாயனாருக்கு, பாரசீகத்தில அல்லாவுக்கு எண்டு காணிக்கை எழுதியிருக்கு, பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் எண்டு பட்டியல் போகுது. கல்லு நல்லாத் தேஞ்சு போச்சு, எழுத்து வாசிக்கிறது கஷ்டம்.

கண்டி ராசாக்கள்ட சிம்மாசனத்தில எப்பவும் சனம்தான். ஒல்லாந்தர் 1693ல குடுத்தது, பிறகு இங்கிலாந்துக்குப் போய் 1934ல திரும்பி வந்தது. மேல் மாடி, முகமூடி, ஆயுதம் எல்லாம் பிள்ளையளுக்கு விருப்பமா இருக்கும், நேரமில்லாட்டி விடுங்கோ, பின்பக்கத்து இயற்கை வரலாற்று மியூசியமும் அப்படித்தான்.

இனி வயித்தெரிச்சல் ஒண்டு. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில எங்கயோ எடுத்த தாரா தேவி எண்ட பௌத்த பெண் தெய்வத்திண்ட சிலை, பொன் பூசினது, 143 சென்ரிமீற்றர் உயரம், இஞ்ச இருக்கிறது அதிண்ட நகல் மட்டும்தான். அசல் லண்டன்ல பிரிட்டிஷ் மியூசியத்தில, ஆளுநரா இருந்த பிரவுன்ரிக் 1830ல அன்பளிப்புக் குடுத்தவராம். ஆற்ற சாமானை ஆர் அன்பளிப்புக் குடுக்கிறது! லண்டன்ல உங்கட சொந்தக்காரர் இருந்தா போய்ப் பாக்கச் சொல்லுங்கோ, அங்க உள்ளுக்குப் போகக் காசில்ல.

இஞ்ச ரிக்கெட் எங்களுக்குக் குறைவு, வெளிநாட்டுக்காரருக்கு வேற விலை, அதால அடையாள அட்டையை பேக்குக்க போட்டுக்கொண்டு போங்கோ. பொது விடுமுறை நாள்ல போகாதீங்கோ, பூட்டு. காலம்பறவே போங்கோ, பிந்தினா ஸ்கூல் பஸ்ஸுகள் வந்து இறங்கிடும். சாப்பாட்டை முடிச்சுப்போட்டே போங்கோ, நாங்க வெளியில வந்து பசியில நுழைஞ்ச ஒரு கடையில றைசுக்கு வாங்கின காசை நினைச்சா இப்பவும் பத்துது.