அலுமினிய டிஎல்சி பிளேட்: காட்டு இலைச் சாற்றுக்குத் தாங்குமா?

சேர்மங்களைப் பிரித்து எடைபார்க்கும் எல்சி-எம்எஸ் கருவிக்கு வரிசையில் நிற்க வேண்டும். டிஎல்சி (மெல்லடுக்கு நிறப்பிரிகை) பிளேட்டுக்கு யாரிடமும் போய் நிற்க வேண்டாம். வெப்பமண்டலக் காட்டுத் தாவரங்களில் மருந்துக்கு ஆகிற சேர்மங்களைத் தேடும் வேலையில் என் கை அதிகம் படுகிற பொருள் இதுதான். அலுமினியத் தகட்டில் சிலிக்கா பூசிய, 20க்கு 20 செ.மீ. தாளைச் சொல்கிறேன். அடியில் சாற்றைப் புள்ளியாக வைத்துக் கரைப்பானில் நிறுத்தினால், கரைப்பான் மேலே ஏறும்போது சேர்மங்கள் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரியும். பெட்டியில் ‘சிலிக்கா ஜெல் 60 எஃப்254’ என்று போட்டிருக்கும். 60 என்பது ஆங்ஸ்ட்ராமில் துளையின் அளவு. எஃப்254 என்றால் 254 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் பச்சையாக ஒளிரும் பொருள் கலந்திருக்கிறது. அந்த ஒளியை உறிஞ்சும் சேர்மம் நிற்கும் இடம் மட்டும் இருட்டாகத் தெரியும்.

வெட்டிக்கொள்ளும் வசதிக்காகவே கண்ணாடியை விட்டு இதற்கு வந்தேன். ஆனால் கத்தரி மழுங்கியிருந்தால் ஓரத்தில் சிலிக்கா பொடிப்பொடியாக உதிரும். கரைப்பான் அங்கே கோணலாக ஏறும். கூர்மையான பிளேடும் இரும்பு அளவுகோலும் வைத்துக்கொள்ளுங்கள். கோடு போட பென்சில்தான். பேனா மையும் கரைப்பானோடு சேர்ந்து ஏறிவிடும்.

காட்டு இலையின் மெத்தனால் சாறு சாமானியப்பட்டதல்ல. கரும்பச்சையாக, பிசுபிசுவென்று, டானினும் (துவர்ப்புப் பொருள்) சர்க்கரையுமாக இருக்கும். கேபிலரியால் (மெல்லிய கண்ணாடிக் குழாய்) லேசாகத் தொட்டு எடுத்துவிட வேண்டும். போதாதோ என்று இன்னொரு முறை தொட்டால் எல்லாப் புள்ளிக்கும் வால் முளைக்கும். 366 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் பார்த்தால் குளோரோஃபில் ரத்தச் சிவப்பாக எரிந்து, பக்கத்தில் மங்கலாக இருப்பதை எல்லாம் அமுக்கிவிடும். அதனால் முதலில் ஹெக்ஸேனால் கழுவிப் பச்சையைக் குறைத்துவிட்டுத்தான் நான் பிளேட் பக்கம் போவேன்.

ஆல்கலாய்டு (நைட்ரஜன் உள்ள, காரத்தன்மையுள்ள தாவரச் சேர்மம்) தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சிலிக்கா கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது. காரச் சேர்மங்கள் அதில் ஒட்டிக்கொண்டு இழுபடும். கரைப்பானில் சில துளி அமோனியாவோ டைஎத்திலமீனோ சேர்த்தால் புள்ளி உருண்டு நிற்கும். பிறகு ஆல்கலாய்டைக் காட்டும் டிராகண்டார்ஃப் கரைசலைத் தெளித்தால் ஆரஞ்சு நிறம் வரும். ஆனால் ஆரஞ்சு வந்த உடனே ‘ஆல்கலாய்டு கிடைத்தது’ என்று எழுதிவிடாதீர்கள். நைட்ரஜனே இல்லாத சில கூமரின்களும் (இன்னொரு வகைத் தாவரச் சேர்மம்) அதே நிறம் காட்டும்.

ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும் சேர்மத்தைக் காட்டும் டிபிபிஹெச் தெளிப்பு இன்னும் மோசம். ஊதாப் பின்னணியில் மஞ்சள் புள்ளி அழகாகத்தான் வரும். டானின் இருக்கிற எந்த இலைக்கும் வரும். அதை மட்டும் வைத்து ஒரு கட்டுரை எழுதுவது எப்படி என்று எனக்கு விளங்கியதே இல்லை.

இந்த பிளேட்டை நான் வாங்குவது ஒப்பிட்டுப் பார்க்கத்தான். ஒரே இனத்தின் வெவ்வேறு மரங்கள், தளிர், முற்றிய இலை, பட்டை எல்லாவற்றையும் ஒரே கோட்டில் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டலாம். இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு மலேசியாவின் சரவாக்கில் நடந்ததே போதும். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்துக்காக 1987-ல் அங்கே கலோஃபில்லம் லானிஜெரம் மரத்தின் இலையும் சிறுகிளையும் சேகரித்தார்கள். அதிலிருந்து வந்ததுதான் கலனோலைடு ஏ. ஹெச்ஐவி-1 வைரஸ் பெருகத் தேவையான ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதியைத் தடுக்கிறது என்று 1992-ல் வெளியிட்டார்கள். இதுவும் கூமரின் வகைதான். மேலும் இலை வேண்டுமென்று திரும்பிப் போனால் அந்த மரத்தையே வெட்டியிருந்தார்கள். சுற்றியிருந்த மற்ற மரங்களில் அந்தச் சேர்மம் இல்லை, இருந்தாலும் பெயருக்குத்தான். கடைசியில் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் நின்ற மரம் கைகொடுத்தது. இன்னொரு பக்கம், கலோஃபில்லம் டெய்ஸ்மானியை என்ற உறவு மரத்தின் பாலில் கலனோலைடு பி கிடைத்தது. அதற்கு மரத்தை வெட்ட வேண்டியதில்லை, பால் வடித்தால் போதும். இந்தக் கதை தெரிந்த யாரும் ஒரு மரத்தின் சாற்றை வைத்து இனத்தையே எடைபோட மாட்டார்கள்.

பாக்டீரியாவைக் கொல்லும் சேர்மம் எந்தப் புள்ளியில் இருக்கிறது என்று பார்க்கவும் இது உதவும். ஓட்டிய பிளேட்டின் மேல் பாக்டீரியா கலந்த அகரை (வளர்ப்பு ஜெல்லி) ஊற்றி, வளரவிட்டு, எம்டிடி சாயத்தைத் தெளித்தால் உயிரோடிருக்கும் இடமெல்லாம் ஊதாவாகும். வளர்ச்சி தடைபட்ட இடம் வெளுத்திருக்கும். கரைப்பான் துளிகூட மிஞ்சாமல் காய வேண்டும். இல்லாவிட்டால் பாக்டீரியாவைக் கொன்றது சேர்மமா, மிஞ்சிய அமோனியாவா என்பது தெரியாது.

குறை இல்லாமல் இல்லை. காற்றில் ஈரம் ஏறினால் சிலிக்கா அதைக் குடித்துவிடும், ஆர்எஃப் மதிப்பு (கரைப்பான் ஏறிய தூரத்தில் புள்ளி ஏறிய பங்கு) தள்ளாடும். ஓட்டுவதற்கு முன் 110 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து, டெசிக்கேட்டரில் (ஈரம் புகாத கலம்) ஆறவிட வேண்டும். எப்படியும் தெரிந்த சேர்மம் ஒன்றை அதே பிளேட்டில் ஓட்டுங்கள். நேற்றைய பிளேட்டின் எண்ணை இன்றைக்கு நம்ப முடியாது. ஒரு புள்ளி என்றால் ஒரு சேர்மம் என்பதும் இல்லை. கரைப்பானை மாற்றினால் ஒன்றாகத் தெரிந்தது மூன்றாகப் பிரியும். பெயர் வைக்கும் வேலையை எல்சி-எம்எஸ்ஸுக்கும், மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆருக்கும் விட்டுவிடுங்கள்.

செறிந்த கந்தக அமிலம் தெளித்துச் சூட்டில் கருக்கிப் பார்க்கிறவர்கள் கண்ணாடி பிளேட்டே வாங்குங்கள், அலுமினியத்தை அமிலம் அரித்துவிடும். பிளாஸ்டிக் தாளில் வருவதும் அந்தச் சூட்டுக்கு ஆகாது. எனக்கு அனிசால்டிஹைடு தெளித்து, டெர்பீன்கள் (வாசனை எண்ணெய்களில் உள்ள சேர்ம வகை) ஊதாவும் நீலமுமாக எழும்புவதைப் பார்த்தால் போதும். அதில் அமிலம் குறைவு, இந்தத் தகடு தாங்குகிறது.