துத்தநாகமா, மகோகனியா? பாரிஸ், டப்ளின் பார் கவுன்ட்டர்கள்

ஒரு பேட்டை பார் எந்த ஊருடையது என்று அறிய அதன் கவுன்ட்டரைத் தடவிப் பார்த்தாலே பெரும்பாலும் போதும். பாரிஸின் பழைய பாரில் சில்லென்ற துத்தநாகத் தகடு. டப்ளினில் கைபட்டுத் தேய்ந்த மகோகனி.

பாரிஸின் கூரைகளிலும் இதே துத்தநாகம்தான். அந்தக் கூரைத் தொழிலாளர்களின் கைத்திறனை யுனெஸ்கோ 2024-இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. கூரையில் மழைக்கு அசராத தகடு, கவுன்ட்டரில் எலுமிச்சைச் சாற்றிடம் தோற்றுவிடும். ஒயினோ வினிகரோ சிந்தி உடனே துடைக்காவிட்டாலும் கறைதான். மென்மையான உலோகம் என்பதால் கீறலும் விழும். எல்லாம் கலந்து சாம்பல் பூக்கும்வரை பொறுமை வேண்டும். பளபளப்பு கேட்பவர் எவர்சில்வர் போட்டுக்கொள்ளலாம். பிளைவுட்டில் ஒட்டும்போது பசை எங்காவது விட்டுப்போனால், சூட்டில் தகடு விரிந்து அங்கே உப்பும். இணைப்புகளில் ஈயப்பற்று வைத்திருந்தால் அது 183 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். அடுப்புச் சட்டியை அதன்மேல் வைக்கவே கூடாது.

மகோகனி அயர்லாந்தில் விளையும் மரமே இல்லை. டப்ளினின் அடையாளம் கவுன்ட்டரைச் சுற்றியுள்ள தச்சு வேலையில் இருக்கிறது. மளிகையும் மதுவும் ஒரே கடையில் விற்ற காலத்து இழுப்பறைகள் ஒன்று; ‘ஸ்னக்’ எனப்படும், கதவு வைத்த தடுப்பறை இன்னொன்று. பெண்களும் பாதிரியார்களும் ஊர்க்கண்ணில் படாமல் குடித்த இடம் அது. சவுத் ஆன் தெருவின் கீஹோஸ் பப்பில் இரண்டையும் இன்றும் பார்க்கலாம். ஸ்னக்கிலிருந்து கவுன்ட்டருக்குத் திறக்கும் சிறு ஜன்னல்தான் அதன் உயிர். நகலெடுப்பவர்கள் அதை விட்டுவிட்டால், ஊற்றுபவர் ஒவ்வொரு கோப்பைக்கும் சுற்றி நடக்க வேண்டும். மரத்துக்கு ஷெல்லாக் எனும் அரக்குப் பூச்சு அழகுதான், ஆனால் ஆல்கஹாலில் கரையும். விஸ்கி சிந்தும் மேற்பரப்புக்கு அது ஆகாது. பாலியூரித்தேன் வார்னிஷ் போதும்.

அகலத்தைத் தீர்மானிப்பது குடிக்கும் பழக்கம். பாரிஸில் நின்றபடியே ஒரு எஸ்பிரெசோ குடித்துவிட்டு நகர்வார்கள். குறுகிய மேடையும் கால் வைக்கும் கம்பியும் போதும். டப்ளினின் கரும்பீரான கின்னஸை இரண்டு தவணையாக ஊற்ற வேண்டும். நிறுவனம் சொல்லும் கணக்கு 119.5 விநாடி. கூட்ட நேரத்தில் பாதி நிரம்பிய கிளாஸ்கள் வரிசையாக நிற்கும் என்பதால், குழாய்க்கு அருகே அதற்கென இடம் ஒதுக்காத கவுன்ட்டர் முதல் வாரமே திணறும்.

வந்து, குடித்து, போகும் பேட்டைக்குத் துத்தநாகம். உட்கார்ந்து பேசும் பேட்டைக்கு மகோகனியும் ஸ்னக்கும். இரண்டையும் ஒரே பாரில் கலப்பவர்களுக்குக் கடைசியில் மிஞ்சுவது கறை துடைக்கும் வேலை மட்டும்தான்.