பனல் கூரையில், பற்றரி கொழும்பில்

யாழ்ப்பாணத்தில் வீட்டுக்குச் சோலாரும் பற்றரியும் சேர்த்துப் போட யோசிக்கிற ஆக்களுக்காக இதை எழுதுகிறேன். கொம்பனியின் பெயரைப் போடவில்லை. வேறு இடங்களில் போட்ட இரண்டு மூன்று பேரோடு கதைத்ததில் அவர்களும் கிட்டத்தட்ட இதே கதையைத்தான் சொல்கிறார்கள். கூரையில் ஏறி வேலை செய்த பொடியளுக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். பற்றரிக்குக் காக்க வைத்த விதத்துக்கு ஒன்று கொடுப்பதே தாராளம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு பாதி ஓடு, பாதி கொங்கிறீற் பிளாற். ஓட்டில் கால் வைத்தால் உடையும் என்று பயந்துகொண்டுதான் இருந்தேன். உடைந்தவற்றை அவர்களே மாற்றிவிட்டு, பழைய ஓட்டுத் துண்டுகளையும் பொறுக்கிக்கொண்டு போனார்கள். கடற்காற்றுக்கு இரும்பு நிற்காது என்று அலுமினியச் சட்டமும் துருப்பிடிக்காத ஆணியும் போட்டார்கள். வளவில் ஒரு தென்னை நிற்கிறது, அதைத் தறித்தால் நல்லது என்று அளக்க வந்தவர் சொல்லியிருந்தார். வேலைக்கு வந்த மூத்த பொடியன் பின்னேரம்வரை நின்று நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டு, “தறிக்கத் தேவையில்லை அண்ணை, இரண்டு பனலை அங்கால தள்ளுவம்” என்றான். தென்னை இன்னும் காய்க்கிறது.

ஆனால் நான் காசு கட்டியது பனலுக்கு மட்டும் இல்லையே. 5 கிலோவாட் பனல், பனலிலிருந்தும் பற்றரியிலிருந்தும் வருவதை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற ஹைபிரிட் இன்வேர்ட்டர், ஒரு லிதியம் பற்றரி, மூன்றும் சேர்த்துத்தான் விலை பேசினோம். மொத்தத்தில் முக்கால்வாசிக் காசு முன்பணமாகப் போய்விட்டது. நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன்னம் எல்லாம் முடியும் என்றார்கள். கொடி ஏறி, தேர் ஓடி, தீர்த்தமும் முடிந்தது. பிறகு தீபாவளி என்றார்கள். எப்போது அழைத்தாலும் ஒரே பதில்தான், “கொழும்புக்கு வந்திட்டுது அண்ணை, அடுத்த கிழமை லொறியில வருது.” அந்த அடுத்த கிழமை எந்தக் கலண்டரில் இருந்தது என்று தெரியவில்லை. கடைசியில் பொங்கலும் பொங்கிச் சாப்பிட்ட பிறகுதான் பெட்டி வாசலுக்கு வந்தது.

பொருள் பிந்துவதை நான் பெரிய குற்றமாகச் சொல்லவில்லை. 90களில், போர்க்காலத்தில், பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்த ஊர் இது, சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட ஆக்களுக்குக் காத்திருக்கத் தெரியாதா? எனக்குக் கோபம் வந்தது ஒரு தடவைகூட அவர்களாக அழைத்து நிலைமையைச் சொல்லவில்லை என்பதில்தான். பிந்தும் என்று நேரே சொல்லியிருந்தால் பழைய இன்வேர்ட்டருக்கு ஒரு ஈய அமில பற்றரியாவது வாங்கிப் போட்டுச் சமாளித்திருப்பேன்.

இந்த இடைக்காலத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும், பலருக்கு இது தெரியாது. கூரையில் பனல் இருக்கிறது, வெயில் கொளுத்துகிறது, ஆனால் ஒழுங்கையில் கரண்ட் நின்றால் உங்கள் வீட்டிலும் நின்றுவிடும். இன்வேர்ட்டர் பழுது என்று நினைக்க வேண்டாம். லைனில் வேலை செய்யும் மின்சார சபை ஆக்களுக்கு உங்கள் கூரையிலிருந்து கரண்ட் போய் அடிக்கக் கூடாது என்பதற்காக, சபையின் மின் இல்லாவிட்டால் தானாக நிற்கும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். பற்றரி பூட்டாத ஹைபிரிட்டும் பெரும்பாலும் அப்படித்தான். பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, “என்ன, சூரியனும் மின்சார சபையில வேலைக்குச் சேர்ந்திட்டாரோ?” என்று கேட்டார். நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்த நேரம் இது இன்னும் உறைத்தது. ஆனால் நியாயமாகச் சொன்னால், அப்போது பற்றரி இருந்திருந்தாலும் ஓர் இரவுதான் தாக்குப்பிடித்திருக்கும். அந்த மழை இருட்டில் பனல் எதைக் கொடுத்து அதை நிரப்பும்?

இப்போது ஏன் எல்லாரும் பற்றரி கேட்கிறார்கள் என்றால், கணக்கு மாறிவிட்டது. 2016இல் கூரைச் சோலார் திட்டம் தொடங்கியபோது சபைக்குக் கொடுக்கும் ஓர் அலகுக்கு, அதாவது ஒரு கிலோவாட் மணிநேரத்துக்கு, முதல் ஏழு வருடம் 22 ரூபா என்றார்கள். பிறகு விலை ஏறியது, மறுபடி இறங்கியது. பகலில் நாடு முழுக்கச் சோலார் கூடிப் போய், 2025 சித்திரைப் புத்தாண்டு நேரம் ஏப்ரல் 13 முதல் 21 வரை பின்னேரம் 3 மணிவரை கூரைச் சோலாரை நிறுத்தி வையுங்கள் என்று கேட்கும் அளவுக்கு வந்தது. அதே வருடம் பற்றரியில் சேமித்து இரவு உச்ச நேரத்தில் கொடுத்தால் அலகுக்கு 45 ரூபா 80 சதம் என்று அறிவித்தார்கள். அதற்குப் பிறகு பற்றரிக்கு அடிபாடு, அதுதான் பிந்தினது என்பது கொம்பனியின் விளக்கம். இருக்கலாம். ஆனால் நாங்கள் காசு கட்டினது அந்த அடிபாட்டுக்கு முன்னம்.

பூட்டுகிற அன்று இரண்டு தகராறு. விலைப்பட்டியலில் எழுதியிருந்த பிராண்ட் ஒன்று, பெட்டியில் வந்தது இன்னொன்று. “அதைவிட இது நல்லது அண்ணை” என்றார்கள். எனக்கு நல்லது கெட்டதைவிட, இன்வேர்ட்டரும் பற்றரியும் ஒன்றோடொன்று பேசுமா என்பதுதான் கேள்வி. இரண்டுக்கும் நடுவில் ஒரு தொடர்புக் கேபிள் போகிறது. அதன் வழியாகத்தான் பற்றரி தன் நிலையைச் சொல்லும். முதலில் பேசவில்லை. மூத்த பொடியன் போன் வெளிச்சத்தை வாயில் கவ்விக்கொண்டு, பற்றரியின் பக்கவாட்டில் இருந்த குட்டிச் சுவிச்சுகளை ஊசிமுனை ஸ்குரூட்ரைவரால் மேலும் கீழும் தட்டி, இன்வேர்ட்டரில் ஈய அமில பற்றரி என்று கிடந்ததை லிதியம் என்று மாற்றி, நிறுத்தித் திரும்பப் போட்ட பிறகுதான் திரையில் பற்றரியின் சார்ஜ் வீதம் வந்தது. உங்கள் வீட்டில் பூட்டினால் அந்த வீதம் திரையில் தெரியும்வரை ஆக்களை அனுப்ப வேண்டாம்.

மற்றத் தகராறு இடம். ஐம்பது கிலோவுக்குக் கிட்டப் பாரம், சுவரில் தொங்க வேண்டும். அவர்கள் காட்டியது மேற்குப் பக்க வெளிச்சுவர், கேபிள் கிட்ட என்பதால். பின்னேர வெயில் நேரே அடிக்கும் இடம் அது, பற்றரிக்குச் சூடு ஆகாது. நான் காட்டிய உள்சுவருக்கு மறுபக்கம் சாமியறை என்று அம்மா விடவில்லை. கடைசியில் பின் விறாந்தையில் உட்கார்ந்தது. அதற்குக் கேபிள் கூடப் போனதென்று தனிக் காசு கேட்டார்கள். கொடுக்கவில்லை.

அப்புறம் மோட்டர். கரண்ட் நின்றால் எதெது ஓட வேண்டும் என்று தனி லைன் பிரிப்பார்கள். லைற், ஃபான், ஃபிரிட்ஜ், வைஃபை சரி. கிணற்று மோட்டரை அதில் போட மாட்டோம் என்றார்கள், ஏனென்றால் ஒரு குதிரைவலு மோட்டர் ஓடும்போது ஒரு கிலோவாட்டுக்குக் கிட்ட இழுத்தாலும் தொடங்கும் நொடியில் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். அது நியாயமான பேச்சு. நான் வற்புறுத்தவில்லை. மத்தியானத்துக்கு முன்னம் வெயிலிலேயே மேல் தாங்கியை நிரப்பி விடுகிறோம், அதுவே தண்ணீருக்குப் பற்றரி மாதிரி.

இனிப் பாவனை. பற்றரி 5 கிலோவாட் மணிநேரம் என்று எழுதியிருந்தாலும் அடிவரை இறக்க விடாமல் வைத்திருக்கிறோம், நாலரை அலகு என்று கணக்கு வையுங்கள். மூன்று ஃபான், ஃபிரிட்ஜ், நாலைந்து லைற், வைஃபை என்றால் 350 வாட்டுக்குக் கிட்ட, அதாவது இரவு முழுக்கத் தாங்கும். கரண்ட் நின்றது லைற்றில் ஒரு சிமிட்டலாகத்தான் தெரிந்தது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் 45 ரூபா 80 சதத்தை நம்பி இந்த அளவு பற்றரி வாங்குகிறவர்கள் கொஞ்சம் பென்சிலை எடுங்கள். இரவு நாலு அலகு சபைக்குக் கொடுத்தால் நாளுக்கு 183 ரூபா, மாதம் ஐயாயிரத்து ஐந்நூறு. நல்ல காசுதான். ஆனால் கொடுத்து முடித்த பற்றரி இரவு பதினொரு மணிக்கு வெறுமையாக இருக்கும், அதற்குப் பிறகு கரண்ட் நின்றால் விசிறிமட்டைதான். இரண்டும் வேண்டுமென்றால் பற்றரியும் இரண்டு வேண்டும். விற்க வருகிறவர்கள் இந்த இரண்டு ஆசையையும் ஒரே பெட்டிக்குள் போட்டுக் காட்டுவார்கள். நாங்கள் கொடுப்பதில்லை, வீட்டுக்கே வைத்துக்கொள்கிறோம்.

இந்தக் கொம்பனியிடம் போகலாமா என்று கேட்டால், பனலுக்குப் போங்கள். பற்றரிக்குத் தனிப் பட்டியல், தனிக் காசு என்று பிரித்துப் பேசுங்கள். பெட்டியை யாழ்ப்பாணத்தில் கண்ணால் கண்ட பிறகு அந்தக் காசைக் கொடுங்கள். பிராண்ட், மாடல், எத்தனை வருட உத்தரவாதம் என்பதைக் கையெழுத்தோடு வாங்குங்கள். எனக்கு உத்தரவாத அட்டை இன்னும் வரவில்லை. கேட்டால், கொழும்பிலிருந்து அடுத்த கிழமை வருகிறதாம்.