மோர்ஸ் தேர்வு: கட்டாயமா, விலக்கா?

30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இயங்கும் ஹாம் வானொலியருக்கு, அதாவது உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானொலியில் தொடர்பு கொள்வோருக்கு, மோர்ஸ் (குறில்-நெடில் ஓசைகளால் எழுத்துகளை அனுப்பும் முறை) தேர்வு கட்டாயம் என்ற சர்வதேச விதி, 2003-இல் ஜெனீவாவில் கூடிய உலக வானொலி மாநாட்டில் நீக்கப்பட்டது. அமெரிக்கா 2007-இல் அத்தேர்வை முற்றிலும் கைவிட்டது. இந்தியாவோ பொது நிலை உரிமத்துக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தை வைத்து, கட்டுப்படுத்தப்பட்ட நிலைக்கு மட்டும் விலக்களித்தது.

தேர்வை ஆதரிப்போரின் வாதம் டெல்டாக்காரர்களுக்கு எளிதில் புரியும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறி, தென்னைகளோடு மின்கம்பங்களையும் சாய்த்த பின், டிராக்டர் பேட்டரியும் ஒரு நீளக் கம்பியும் மட்டுமே மிஞ்சிய வீட்டை எண்ணிப்பாருங்கள்: பேச்சுக்கு ஏறத்தாழ 2,500 ஹெர்ட்ஸ் அகலம் வேண்டும், மோர்ஸுக்குச் சுமார் 150 போதும் என்பதால், பேட்டரியில் இயங்கும் சிறு வானொலியின் அதே 5 வாட் திறன் குறுகிய இடத்தில் குவிந்து இரைச்சலைத் தாண்டிக் கேட்கும்.

எதிர்த்தரப்பு சொல்வதும் பொய்யல்ல. மின்சுற்றும் ஆன்டெனாவும் நன்கறிந்த ஒரு திருவாரூர் மாணவர், 'டா-டிட்-டா' என்ற ஓசை 'கே' என்னும் எழுத்தாகவே காதில் விழ மாதக்கணக்கில் பழக வேண்டுமே என்று ஒதுங்கிவிடக்கூடும். என் சாய்வு விலக்கின் பக்கமே. நிமிடத்துக்கு 8 சொல் என்பது தேர்வுக்குப் போதுமே தவிர, அலைவரிசையில் உரையாட அது நத்தை வேகம்தான்.